வளைகுடா நீரோட்டம்: ஒரு கரீபியக் கடற்காட்சி ஓவியத்தின் காட்சிக் கூறுகள்

வளைகுடா நீரோட்டம் என்பது அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1899ஆம் ஆண்டில் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் ஆகும். ஆங்கிலத்தில் 'தி கல்ஃப் ஸ்ட்ரீம்' என்று அழைக்கப்படும் இவ்வோவியம் நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. இதன் உயரம் ஏறத்தாழ 71 செ.மீ., அகலம் ஏறத்தாழ 125 செ.மீ. பாய்மரம் முறிந்த ஒரு சிறு மீன்பிடிப் படகு, அதில் சாய்ந்து படுத்திருக்கும் ஒரு கறுப்பின மனிதர், படகைச் சுற்றும் சுறாக்கள், தொலைவில் ஒரு நீர்த்தூண், மறுபுறத்தில் ஒரு கப்பல் ஆகியவை இதில் காணப்படுகின்றன.

இந்த மனிதர் பிழைப்பாரா என்பதே படத்தைக் காணும் ஒவ்வொருவருக்கும் முதலில் எழும் கேள்வி. ஓவியர் அதற்கு விடை தரவில்லை. கோடு, நிறம், ஒளி, இடவெளி, பொருள்களின் அமைவு ஆகிய காட்சிக் கூறுகள் நம்பிக்கைக்கும் அழிவுக்கும் நடுவே இக்கேள்வியை எவ்வாறு நிறுத்திவைக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓவியரும் பின்னணியும்

வின்ஸ்லோ ஹோமர் 1836இல் பாஸ்டன் நகரில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழுக்காகப் போர்முனைக் காட்சிகளை வரைந்து பெயர் பெற்றார். பிற்காலத்தில் மெய்ன் மாநிலத்தின் ப்ரவுட்ஸ் நெக் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறி, வட அட்லாண்டிக் கடலைத் தன் முதன்மையான பொருளாகக் கொண்டார். 1910இல் அங்கேயே மறைந்தார்.

வடக்குக் கடலின் சாம்பல் நிறத்துக்குப் பழகியிருந்த ஹோமருக்குக் கரீபியப் பகுதியின் ஒளி புதிதாக இருந்தது. 1884–85 குளிர்காலத்தில் 'செஞ்சுரி' இதழின் கட்டுரை ஒன்றுக்குப் படங்கள் வரைவதற்காக அவர் பஹாமாஸ் தீவுகளின் நாசோ நகருக்குச் சென்றார். 1885இல் கியூபாவுக்கும் பயணம் செய்தார். 1898–99 குளிர்காலத்தில் மீண்டும் நாசோவுக்கு வந்தார். பஹாமாஸ் தீவுகள் புவியியல்படி அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்திருந்தாலும், வரலாற்றாலும் பண்பாட்டாலும் கரீபியப் பகுதியைச் சேர்ந்தவையாகவே கருதப்படுகின்றன.

இப்பயணங்களில் அவர் நீர்வண்ண ஓவியங்கள் பலவற்றை வரைந்தார். கடற்பஞ்சு எடுப்போர், சுறா பிடிப்போர், தென்னைகளை வளைக்கும் காற்று ஆகியவை அவற்றில் இடம்பெற்றன. 'சூறாவளிக்குப் பின், பஹாமாஸ்' என்னும் 1899ஆம் ஆண்டு நீர்வண்ண ஓவியத்தில், உடைந்த படகின் அருகே ஒரு மனிதர் கரையில் கிடக்கிறார். வளைகுடா நீரோட்டம் ஓவியம் இத்தகைய நேரடி அவதானிப்புகளிலிருந்து உருவானது.

தலைப்பு சுட்டும் கடல்

கரீபியக் கடலின் வெதுவெதுப்பான நீர் யுகாட்டான் கால்வாய் வழியே மெக்சிகோ வளைகுடாவுக்குள் நுழைந்து, பின்னர் புளோரிடாவுக்கும் கியூபாவுக்கும் இடையேயான நீரிணை வழியாக வெளியேறுகிறது. அங்கிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே பாயும் வலிமையான நீரோட்டமே வளைகுடா நீரோட்டம். கடலுக்குள் ஓடும் ஆறு என்று இதைச் சொல்வதுண்டு. மேற்பரப்பில் இதன் வேகம் மணிக்கு 9 கி.மீ. வரை எட்டக்கூடும்.

பாயும் சுக்கானும் இழந்த படகு இந்த நீரோட்டத்தில் அகப்பட்டால் அது நின்ற இடத்தில் நிற்காது. கரையிலிருந்து விலகி இழுத்துச் செல்லப்படும். படத்தில் எங்கும் கரை தெரிவதில்லை. தலைப்பை அறிந்தவருக்கு, கண்ணுக்குத் தெரியும் சுறாக்களைவிடக் கண்ணுக்குத் தெரியாத இந்த இழுப்பே பெரிய ஆபத்து என்பது விளங்கும். படத்துக்கு விளக்கம் கேட்டவர்களிடம், படத்தின் பொருள் அதன் தலைப்பிலேயே அடங்கியிருக்கிறது என்றும், படகும் சுறாக்களும் அவ்வளவு முக்கியமல்ல என்றும் ஹோமர் எரிச்சலோடு பதில் எழுதினார்.

பார்வையாளர் நிற்கும் இடம்

ஓர் ஓவியத்தை ஆராயும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி, காண்பவர் எங்கே நின்று இதைப் பார்க்கிறார் என்பதாகும். வழக்கமான கடற்காட்சிகளில் பார்வையாளருக்குக் கரையோ, பாறையோ, மற்றொரு கப்பலின் தளமோ தரப்படும். இங்கே அப்படி எதுவும் இல்லை. சட்டத்தின் கீழ் விளிம்புவரை நீரே நிறைந்திருக்கிறது.

சுறாக்கள் பார்வையாளருக்கும் படகுக்கும் நடுவில் உள்ளன. அதாவது, படகிலுள்ளவரைப் பார்க்க வேண்டுமானால் பார்வை முதலில் சுறாக்களைத் தாண்டிச் செல்ல வேண்டும். பாதுகாப்பான தொலைவில் நின்று பிறர் துன்பத்தைப் பார்க்கும் வசதியை ஓவியர் பறித்துவிடுகிறார். நெருக்கமாக இருந்தும் உதவ முடியாத இடத்தில் பார்வையாளர் வைக்கப்படுகிறார்.

அமைவும் கோடுகளும்

ஓவியம் அகலவாக்கில் நீண்டது. அகலம் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. அடிவானம் படத்தின் மேற்பகுதியில் வைக்கப்பட்டுள்ளதால் வானத்துக்குக் குறைந்த இடமும் கடலுக்குப் பெரும்பகுதியும் கிடைக்கின்றன. வானம் அகன்று விரியும் கடற்காட்சிகள் விடுதலை உணர்வைத் தருவதுண்டு. இங்கே அந்த உணர்வுக்கு இடம் குறைவு. கடல் எழுந்து சூழ்ந்துகொள்வதுபோல் தோன்றுகிறது.

படகு நடுப்பகுதியில் சாய்வாகக் கிடக்கிறது. அதன் தளம் பார்வையாளரை நோக்கிச் சரிந்திருப்பதால், தளத்திலுள்ள அனைத்தும் தெளிவாகத் தெரிகின்றன. அதே காரணத்தால், அவை எந்நேரமும் சுறாக்களின் பக்கம் வழுக்கி விழுந்துவிடும் என்ற அச்சமும் ஏற்படுகிறது. காட்டுவதும் அச்சுறுத்துவதும் ஒரே சாய்கோட்டின் வேலையாக உள்ளன.

கிடைக்கோடுகள் அமைதியையும், செங்குத்துக் கோடுகள் உறுதியையும், சாய்கோடுகள் இயக்கத்தையும் உணர்த்தும் என்பது காட்சிக்கலையின் அடிப்படைப் பாடம். இவ்வோவியத்தில் அடிவானம் நீங்கலாக அமைதியான கோடு அரிது. படகில் செங்குத்தாக நிற்கவேண்டிய பாய்மரம் முறிந்து கிடக்கிறது. அந்த வெற்றிடத்துக்கு மாறாக, தொலைவில் நீர்த்தூண் எழுந்து நிற்கிறது. மனிதன் நாட்டிய தூண் வீழ்ந்துவிட, இயற்கை எழுப்பிய தூண் நிற்பதை இந்த ஒப்புமை காட்டுகிறது.

நிறம்

படத்தின் முதன்மை நிறம் நீலம். ஆனால் அது ஒரே நீலமன்று. அலைகளின் பள்ளங்களில் கருநீலமும், ஒளி ஊடுருவும் இடங்களில் பச்சை கலந்த நீலமும், அலைமுகடுகளில் வெண்மையும் மாறி மாறி வருகின்றன. இந்த அடர்நீலம் கற்பனை அலங்காரம் அன்று. வளைகுடா நீரோட்டத்தின் நீரில் சத்துப்பொருள்களும் நுண்ணுயிர்களும் குறைவு என்பதால், அது கரையோர நீரைவிடத் தெளிவாகவும் ஆழ்ந்த நீலமாகவும் தோன்றும். கடலோடிகள் நிற மாற்றத்தை வைத்தே நீரோட்டத்தின் எல்லையை அறிவதுண்டு.

குளிர்ந்த நிறங்களான நீலத்துக்கும் பச்சைக்கும் எதிராகப் படகின் மரமும் மனிதரின் உடலும் வெதுவெதுப்பான பழுப்பு நிறத்தில் அமைந்துள்ளன. இதனால் பரந்த நீலத்தின் நடுவே கண் தானாகவே மனிதரிடம் சென்று சேர்கிறது. உயிருள்ள வெப்பம் ஒரு சிறு தீவாகக் கடலில் மிதக்கிறது.

மூன்றாவதாகச் சிவப்பு வருகிறது. சுறாக்களைச் சுற்றியுள்ள நீரில் சிவப்புத் தெறிப்புகள் உள்ளன. அளவில் சிறியவையாயினும் நீலத்துக்கு எதிரான நிறமாதலால் அவை உடனே கண்ணில் படுகின்றன. படகிலிருப்பவரின் உடலில் காயம் எதுவும் காட்டப்படவில்லை. அப்படியானால் அது யாருடைய இரத்தம்? படகில் வேறொருவர் இருந்தாரா? சில தூரிகைத் தீற்றுகளால் படம் தொடங்குவதற்கு முந்தைய ஒரு கதையை ஓவியர் எழுப்பிவிட்டு, அதைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறார்.

ஒளியும் தூரிகைத் தடமும்

ஒளியின் கையாளுகையும் கவனிக்கத்தக்கது. புயல் அறிகுறி தென்படும் கடலாயினும் படகின்மீது தெளிவான வெயில் விழுகிறது. மனிதரின் மார்பு, தோள், படகின் தளம் ஆகியவை ஒளியில் உள்ளன. இருண்ட பின்னணியில் துன்பத்தைக் காட்டும் பழைய மரபிலிருந்து இது மாறுபட்டது. வெயில் இங்கே ஆறுதல் தரும் ஒளியன்று. குடிநீர் இல்லாத படகில் அது மற்றுமொரு துன்பம்.

படகுத் தளத்தில் கீழறைக்குச் செல்லும் திறப்பு மட்டும் கருமையாக இருக்கிறது. கலை வரலாற்றாசிரியர்கள் சிலர் இந்தக் கரிய திறப்பைத் திறந்த கல்லறையோடும், சுருண்டு தொங்கும் பாய்த்துணியைப் பிணத்தைப் போர்த்தும் துணியோடும் ஒப்பிட்டுள்ளனர். இது ஒரு விளக்கமே. ஆயினும், வெயில் நிறைந்த தளத்தில் அந்த ஒரேயொரு இருள் கண்ணை இழுப்பதை எவரும் காணலாம்.

தூரிகைத் தடங்கள் பகுதிக்குப் பகுதி மாறுகின்றன. நீரும் நுரையும் விரைந்த, தடித்த தீற்றுகளால் ஆனவை. தொலைவிலுள்ளவை மெல்லிய பூச்சாக மங்குகின்றன. இந்த வேறுபாடு அருகையும் தொலைவையும் உணர்த்துவதோடு, கடல் அசைந்துகொண்டே இருக்கும் உணர்வையும் தருகிறது.

பொருள்கள்: இரு பக்கத் தராசு

ஓவியத்திலுள்ள பொருள்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், ஏறத்தாழ ஒவ்வொன்றும் இரண்டு பொருள் தருவதைக் காணலாம்.

கரும்பு: தளத்தில் சில கரும்புகள் கிடக்கின்றன. படகிலிருப்பவருக்குக் கைக்கெட்டும் உணவும் நீரும் அவையே. ஆனால் கரீபியத் தீவுகளின் வரலாற்றில் கரும்பு வெறும் தின்பண்டம் அன்று. சர்க்கரைத் தோட்டங்களுக்காகவே ஆப்பிரிக்க மக்கள் பெருந்தொகையினர் அடிமைகளாக அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டுவரப்பட்டனர். பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமைமுறை ஒழிப்பு 1834இல் நடைமுறைக்கு வந்தது. கியூபாவில் 1886இல்தான் முடிவுக்கு வந்தது. ஹோமர் கியூபாவுக்குச் சென்றது அதற்கு முந்தைய ஆண்டில். இப்படகில் உயிர் காக்கும் பொருளும், இம்மனிதரின் முன்னோரைக் கடலில் தள்ளிய பொருளும் ஒன்றே.

நீர்த்தூண்: அடிவானத்தின் வலப்புறம் எழும் இது புயல் திரும்பக்கூடும் என்பதைச் சுட்டுகிறது. அது நெருங்கி வருகிறதா, விலகிச் செல்கிறதா என்பதைப் படத்திலிருந்து சொல்ல முடியாது.

கப்பல்: அடிவானத்தின் இடப்புறம் மங்கலாகத் தெரியும் பாய்மரக் கப்பல் மீட்சிக்கான வாய்ப்பு. ஆயினும் அது மிகத் தொலைவில் உள்ளது. படகை அது கண்டதற்கு எந்த அறிகுறியும் இல்லை.

பறவைக்கோலா மீன்கள்: நீரிலிருந்து துள்ளும் இம்மீன்கள் கடலின் அழகைக் காட்டுகின்றன. ஆனால் பறவைக்கோலா பெரும்பாலும் தன்னைத் துரத்தும் மீன்களிடமிருந்து தப்பவே துள்ளும். அழகும் அச்சமும் இங்கும் இணைந்தே வருகின்றன.

திரும்பிய முகம்

படத்தின் மிக முக்கியமான காட்சிக் கூறு அந்த மனிதரின் பார்வை. அவர் முழங்கையை ஊன்றிச் சாய்ந்திருக்கிறார். சுறாக்களைப் பார்க்கவில்லை, கப்பலையும் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிப் படச்சட்டத்துக்கு வெளியே எதையோ நோக்குகிறார். அவர் எதைப் பார்க்கிறார் என்பது பார்வையாளருக்குத் தெரியாது.

இதன் தனித்தன்மையை உணர இரண்டு பழைய ஓவியங்கள் உதவும். முதலாவது, ஜான் சிங்கிள்டன் காப்ளி 1778இல் வரைந்த 'வாட்சனும் சுறாவும்'. 1749இல் கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் நடந்த உண்மை நிகழ்வை அது காட்டுகிறது. நீரில் தத்தளிக்கும் சிறுவனை மீட்கப் படகு நிறைய மனிதர்கள் கைநீட்டுகின்றனர். ஒருவர் சுறாவை ஈட்டியால் குத்தத் தயாராக நிற்கிறார். இரண்டாவது, பிரெஞ்சு ஓவியர் தியோதோர் ஜெரிக்கோ 1819இல் முடித்த 'மெடூசாவின் தெப்பம்'. அதிலும் அடிவானத்தில் ஒரு சிறு கப்பல் உண்டு. தெப்பத்தின் உச்சியில் ஒரு கறுப்பின மனிதர் துணியை வீசி அதை அழைக்கிறார். தெப்பத்தில் உயிர் எஞ்சியோர் பலரின் உடல்களும் அந்தக் கப்பலை நோக்கியே எழுகின்றன.

காப்ளியின் படத்தில் மீட்போர் இருக்கின்றனர். ஜெரிக்கோவின் படத்தில் அழைப்பு இருக்கிறது. ஹோமரின் படத்தில் இரண்டும் இல்லை. இந்த அசைவின்மையைச் சோர்வு என்றும், விதியை ஏற்றுக்கொண்ட மனநிலை என்றும், எதற்கும் கலங்காத உறுதி என்றும் பலவாறு விளக்கியுள்ளனர். ஓவியம் எந்த விளக்கத்தையும் உறுதிப்படுத்துவதில்லை, மறுப்பதுமில்லை. ஆனால் ஒன்று தெளிவு: இம்மனிதர் பார்வையாளரிடம் இரக்கம் கோரவில்லை.

ஓவியர் செய்த மாற்றங்கள்

இவ்வோவியம் 1900இல் பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன்பின் ஹோமர் இதில் மாற்றங்கள் செய்தார். ஆரம்ப நிலையில் எடுக்கப்பட்ட ஒளிப்படத்தோடு ஒப்பிடும்போது அவை தெரிகின்றன. கடலின் நீரை மேலும் ஆழமுள்ளதாக மாற்றினார். படகின் ஒரு பக்க விளிம்பை உடைந்ததாகக் காட்டினார். படகின் பெயரையும், புளோரிடாவின் கீ வெஸ்ட் என்ற ஊர்ப்பெயரையும் தெளிவாகப் படிக்கும்படி எழுதினார். அடிவானத்துக் கப்பலையும் பின்னரே சேர்த்தார்.

இம்மாற்றங்கள் ஒரே திசையில் செல்லவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. கப்பலைச் சேர்த்தது நம்பிக்கையைக் கூட்டுகிறது. படகின் விளிம்பை உடைத்தது ஆபத்தைக் கூட்டுகிறது. ஒரு தட்டில் எடை ஏற்றியபோது மறுதட்டிலும் ஏற்றியிருக்கிறார். இடர் குறைந்ததுபோல் தோன்றினாலும் தராசு அசையவில்லை. அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு, அவர் மீட்கப்பட்டு வீடு திரும்பி இன்பமாக வாழ்வார் என்று ஹோமர் ஏளனத் தொனியில் எழுதிய பதிலும், முடிவைச் சொல்ல அவர் விரும்பவில்லை என்பதையே காட்டுகிறது.

1906இல் நியூயார்க்கில் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் இவ்வோவியம் வைக்கப்பட்டபோது, அதன் தேர்வுக் குழுவைச் சேர்ந்த ஓவியர்கள் இதை வாங்குமாறு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைக் கேட்டுக்கொண்டனர். அதே ஆண்டில் அருங்காட்சியகம் இதை வாங்கியது.

காலமும் பிற்கால வாசிப்புகளும்

ஓவியம் உருவான காலமும் அமைதியானதன்று. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1896இல் இன அடிப்படையிலான பிரிவினையைச் சட்டப்படி செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1898இல் ஸ்பெயினோடு நடந்த போரின் முடிவில் புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் வசமாயிற்று. கியூபா அமெரிக்கப் படை ஆட்சியின்கீழ் வந்தது. அந்நாளைய அமெரிக்கப் படங்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் நகைப்புக்குரியவர்களாகவோ பணியாளர்களாகவோ காட்டப்பட்டனர். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு கறுப்பின மனிதரை ஒரு பெரிய கடல் ஓவியத்தின் தனி நாயகராக வைத்தது சிறிய செயலன்று. கறுப்பின அறிஞர் அலைன் லாக் 1936இல் இதை அமெரிக்க ஓவியத்தில் ஒரு திருப்புமுனையாக மதிப்பிட்டார்.

அதேசமயம் அம்மனிதருக்குப் பெயரில்லை; படகுக்குத்தான் பெயருண்டு. இக்குறையைப் பிற்காலப் படைப்பாளிகள் வெவ்வேறு வழிகளில் எதிர்கொண்டனர். செயின்ட் லூசியா தீவின் கவிஞர் டெரெக் வால்காட் 'ஓமெரோஸ்' என்ற 1990ஆம் ஆண்டுக் காவியத்தில், இப்படத்திலுள்ளவரைத் தன் கதையின் மீனவனான அக்கீலாகவே அடையாளம் காண்கிறார். கறுப்பின ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் 2003இல் இதே தலைப்பில் வரைந்த ஓவியத்தில், கறுப்பினத்தவர் சிலர் பாய்மரப் படகில் மகிழ்வோடு பயணம் செய்கின்றனர். 2022இல் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் நடத்திய பெரிய ஹோமர் கண்காட்சியின் மையமாகவும் இவ்வோவியமே அமைந்தது.

கடற்காட்சி ஓவியத்தை ஆராயும் முறை

இவ்வோவியத்தில் கையாளப்பட்ட படிகளைப் பிற கடற்காட்சிகளுக்கும் மாணவர்கள் பயன்படுத்தலாம்.

1. பொருள் சொல்வதற்கு முன், கண்ணுக்குத் தெரிபவை அனைத்தையும் பட்டியலிட வேண்டும்.
2. அடிவானம் எவ்வளவு உயரத்தில் உள்ளது, காண்பவர் எங்கே நிற்கிறார் என்பவற்றைக் கண்டறிய வேண்டும்.
3. முதன்மை நிறம் எது, அதற்கு எதிரான நிறம் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும்.
4. ஒளி எதன்மீது விழுகிறது, எது இருளில் விடப்பட்டுள்ளது என்று குறிக்க வேண்டும்.
5. மனிதர்கள் இருந்தால், அவர்கள் எதைப் பார்க்கின்றனர், எதைப் பார்க்கவில்லை என்று கவனிக்க வேண்டும்.
6. அதன் பிறகே இடம், காலம், வரலாறு ஆகியவற்றைச் சேர்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

இந்த வரிசை முக்கியமானது. வரலாற்றை முதலில் படித்துவிட்டுப் படத்தைப் பார்ப்பவருக்குக் கரும்பு உடனே ஒரு குறியீடாகிவிடும். படத்தை முதலில் பார்ப்பவருக்கோ அது பசித்த ஒருவரின் பக்கத்தில் கிடக்கும் உணவு. இரண்டையும் ஒருசேரக் காண முடிந்தால், அந்த மனிதரின் நிலை எவ்வளவு கொடியது என்பது முழுமையாக விளங்கும்.